தகலாகுக்கும் தாய்க்கும் நடுவில்

ரூஸ்வெல்ட் அவென்யூவின் தலைக்கு மேல் 7ஆம் எண் ரயில் போகிறது. இரும்புத் தூண்கள் அதிர்கின்றன. கீழே வரிசையில் நிற்பவர்கள் பேச்சை நிறுத்துகிறார்கள். ரயில் கடந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறார்கள். ஸ்பானிஷில், வங்காளத்தில், நேபாளியில், மாண்டரினில். எல்லா மொழியிலும் ஒரே இடத்தில் ஒரு கமா.

நியூயார்க், குவீன்ஸ். 2025 செப்டம்பர். செவ்வாய்க்கிழமை, காலை எட்டேகால். நகரத்தின் உதவி அலுவலகம் ஒன்று. கதவு எட்டரைக்குத் திறக்கும். வரிசை கதவிலிருந்து மருந்துக்கடையைத் தாண்டி, மோமோ விற்கும் வண்டி வரை வந்துவிட்டது.

ஒவ்வொருவர் கையிலும் ஒரு கடிதம். சிலர் பிளாஸ்டிக் பையில் வைத்திருக்கிறார்கள். ஒருவர் பைபிளுக்குள் வைத்திருக்கிறார். ஒரு பெண் நான்காய் மடித்துக் கைக்குள் பொத்தியிருக்கிறாள். உறையின் கண்ணாடித்தாள் ஜன்னல் வழியே பெயர் தெரிகிறது. பெயரை மட்டும் எல்லோரும் வாசித்துவிட்டார்கள்.

கடிதம் ஆங்கிலத்தில். கடைசித் தாளில் பல எழுத்துகளில் ஒரே வாக்கியம் திரும்பத் திரும்ப: இது முக்கியமான கடிதம், உதவி வேண்டுமானால் இந்த எண்ணுக்கு அழையுங்கள். முதல் தாளைப் புரட்டியவர்தான் கடைசித் தாளுக்கு வருவார்.

கதவு திறக்கிறது.

காவலாளி உயரமானவர். இடுப்பில் சாவிக்கொத்து. அவருக்கு ஒரு வார்த்தை பல மொழிகளில் தெரியும். வருகிறவர் முகத்தை ஒரு நொடி பார்க்கிறார். "ஸ்யென்தேசே" என்கிறார். அடுத்தவரிடம் "போஷுன்". அதற்கடுத்தவரிடம் "பைட்டியே". எல்லாவற்றுக்கும் அர்த்தம் ஒன்றுதான்: உட்காருங்கள்.

பெரும்பாலும் சரியாகவே சொல்கிறார். ஒரு நேபாளிக்காரரிடம் ஸ்பானிஷில் சொல்லிவிடுகிறார். அவரும் உட்கார்ந்துகொள்கிறார்.

நாற்காலிகள் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டவை. ஒருவர் எழுந்தால் நால்வர் அசைகிறார்கள்.

சுவரில் தாள் மேல் தாள்.

அடியில் இருப்பது பழையது. ஓரங்கள் மட்டும் தெரிகின்றன. 1964ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் சட்டம்: மத்திய அரசின் பணம் பெறும் எந்த இடத்திலும் இனம், நிறம், பூர்விக நாடு ஆகியவற்றைக் காட்டி ஒருவரை ஒதுக்கக் கூடாது. அதில் மொழி என்ற சொல் இல்லை. சான்ஃபிரான்சிஸ்கோவின் சீனப் பிள்ளைகள் புரியாத வகுப்பில் உட்கார்ந்திருந்த வழக்கில், 1974இல் உச்ச நீதிமன்றம் மொழியையும் அந்தப் பூர்விக நாட்டோடு சேர்த்துப் பார்த்தது. பத்து வருஷம் ஆயிற்று, ஒரு சொல் உள்ளே வர.

அதன் மேல் இன்னொரு தாள். 2000 ஆகஸ்ட் 11. அதிபர் கிளின்டனின் ஆணை, எண் 13166: ஆங்கிலம் குறைவாகத் தெரிந்தவர்களும் அரசுச் சேவையைப் பெற வழி செய்யுங்கள். அடுத்த ஏப்ரலிலேயே உச்ச நீதிமன்றம் வேறொரு கதவைச் சாத்தியது. அலபாமாவில் ஓட்டுநர் உரிமத் தேர்வு ஆங்கிலத்தில் மட்டும்தான் என்றபோது ஒரு பெண் தொடுத்த வழக்கு அது. வேண்டுமென்றே ஒதுக்கினார்கள் என்று காட்டினால் ஒழிய, இப்படித் தனிமனிதர் வழக்குப் போட முடியாது என்றது தீர்ப்பு. ஐந்துக்கு நான்கு.

2025 மார்ச் 1. அதிபர் டிரம்ப்பின் ஆணை: ஆங்கிலமே நாட்டின் ஆட்சிமொழி. 13166 ரத்து. இருக்கிற சேவைகளை நிறுத்தியாக வேண்டும் என்று அதில் இல்லை. நிறுத்தக் கூடாது என்றும் இல்லை. அந்த ஆணை இந்தச் சுவரில் இல்லை. 2000ஆம் ஆண்டுத் தாளை யாரும் கிழிக்கவுமில்லை.

எல்லாவற்றுக்கும் மேல், வழவழப்பான தாளில், நகரத்தின் அறிவிப்பு. இது நகரச் சட்டம், 2017. பத்து மொழிகள்: ஸ்பானிஷ், சீனம், ரஷ்யன், வங்காளம், ஹைட்டி கிரியோல், கொரியன், அரபு, உருது, பிரெஞ்சு, போலிஷ். படிவங்கள் இவற்றில் கிடைக்கும். மற்ற மொழிக்காரர்களுக்குத் தொலைபேசி வழியாக ஆள் பேசுவார். இலவசம். இலவசம் என்ற சொல் பத்து மொழிகளிலும் தடித்திருக்கிறது.

ஆங்கிலம் தடுமாறுகிறவர்கள் இந்த நகரத்தில் சுமார் 18 லட்சம் பேர். நாடு முழுக்க இரண்டரைக் கோடி.

அவர்களில் நாற்பத்து மூன்று பேர் இப்போது இந்த அறையில். ஒருவர் தூங்குகிறார்.

"பி நூற்று நான்கு," என்கிறது கூரையிலிருந்து ஒரு குரல். முதலில் ஆங்கிலம், பிறகு ஸ்பானிஷ். மற்றவர்கள் திரையின் சிவப்பு எண்ணைப் பார்க்கிறார்கள். எண்கள் எல்லோருக்கும் ஒன்றுதான்.

மூன்றாம் கவுண்ட்டர். வங்காளதேசத்துத் தாய். பத்து வயது மகன். பள்ளிக்கூடப் பை முதுகிலிருந்து இறங்கவில்லை. நாற்காலி உயரம் போதவில்லை, அவன் நிற்கிறான்.

ஊழியர் ஒரு வாக்கியம் சொல்கிறார். தொலைபேசியில் வங்காளம் பேசுகிறவரைக் கூப்பிடலாம், காசு இல்லை, வேண்டுமா என்று. பையன் அதை அம்மாவிடம் சொல்லவில்லை. "வேண்டாம், நானே பேசுவேன்," என்கிறான்.

ஊழியர் நீளமாய் ஏதோ விளக்குகிறார். வாடகை ரசீது, மின்கட்டணம், முப்பது நாள், மேல்முறையீடு. பையன் வங்காளத்தில் இரண்டு வார்த்தை சொல்கிறான். தாய் தலையசைக்கிறாள்.

வீட்டில் வேறு யார் சம்பாதிக்கிறார்கள், கணவர் எங்கே என்று அடுத்த கேள்வி.

பையன் கேட்கிறான். இப்போது தாய் பேசுகிறாள். வெகு நேரம். சன்னமான குரல். நடுவில் ஒருமுறை துப்பட்டா நுனி வாய்க்குப் போகிறது. பையன் தன் காலணியைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். நாடா அவிழ்ந்திருக்கிறது.

முடிக்கிறாள்.

"ஓக்கேன்னு சொல்றாங்க," என்கிறான் பையன் ஆங்கிலத்தில்.

ஊழியர் அவனைப் பார்க்கிறார். தாயைப் பார்க்கிறார். பேனாவை வைத்துவிட்டுத் தொலைபேசியை எடுக்கிறார். பையனுக்கு அறையின் கடைசியிலிருக்கும் நாற்காலியைக் காட்டுகிறார். அங்கிருந்து எதுவும் காதில் விழாது.

ஒலிபெருக்கியில் ஒரு வங்காளப் பெண்குரல். தாய் முகத்தைத் தொலைபேசிக்கு அருகே கொண்டுபோகிறாள். மீண்டும் முதலிலிருந்து தொடங்குகிறாள். ஊழியர் எழுதவில்லை. மேசையின் ஓரத்திலிருந்த காகிதக் கைக்குட்டைப் பெட்டி மெல்ல நகர்ந்து அவள் பக்கம் வருகிறது.

கடைசி நாற்காலியில் பையன் கைப்பேசியில் கார் ஓட்டுகிறான். மோதுகிறது. திரும்ப ஓட்டுகிறான்.

இரண்டாம் கவுண்ட்டர். வெள்ளைச் சட்டை, கைத்தறிப் பாவாடை. முதுகில் துணித்தூளியில் குழந்தை. அவளோடு ஓர் இளைஞன், கட்டட வேலைக்காரன், காலணியில் சிமெண்ட்.

"மொழி?" என்கிறார் ஊழியர்.

"மாம்," என்கிறான் இளைஞன்.

"யெஸ், மேம்," என்கிறார் அவளைப் பார்த்து, மரியாதையாக. "மொழி?"

"மாம்."

"யெஸ், மேம்."

இப்படி இரண்டு முறை. பின்னால் உட்கார்ந்திருப்பவர் சிரிக்காமல் இருக்க ஜன்னலைப் பார்க்கிறார்.

குவாத்தமாலா என்று படிவத்தில் இருக்கிறது. ஊழியர் திரையில் ஸ்பானிஷைச் சொடுக்குகிறார். குவாத்தமாலாவில் மாயா மொழிகள் மட்டும் 22. மாம் அவற்றில் ஒன்று. திரையின் பட்டியலில் ஸ்பானிஷ் முதல் வரியிலேயே வந்துவிடுகிறது.

ஸ்பானிஷ் குரல் வருகிறது. வேகமானது, இனிமையானது. வேலை பார்க்கிறீர்களா?

"ஸி," என்கிறாள் அவள். ஆமாம்.

வேலை இல்லையா?

"ஸி."

மெக்சிகோவில் பிறந்தவரா?

"ஸி."

ஊழியர் தட்டச்சை நிறுத்துகிறார். இளைஞன் கையை ஆட்டுகிறான். ஸ்பானிஷ் குரல் ஆங்கிலத்தில் சொல்கிறது: இவர்களுக்கு ஸ்பானிஷ் போதவில்லை, மாம் தெரிந்தவர் வேண்டும், அவர் ஸ்பானிஷில் சொல்வார், அதை நான் ஆங்கிலத்தில் சொல்வேன். இப்போது கிடைக்க மாட்டார். முன்பதிவு செய்ய வேண்டும்.

வியாழக்கிழமை, பதினொரு மணி. ஒரு சீட்டு எழுதித் தருகிறார்கள். சீட்டு ஸ்பானிஷில்.

அவள் அதைப் பார்க்காமலே வாங்கித் தூளியில் செருகுகிறாள், குழந்தையின் காலருகே. வியாழக்கிழமை ஒரு கேள்வி மூன்று மொழி தாண்டிப் போய், மூன்று மொழி தாண்டித் திரும்பும்.

கதவருகே ஒரு கம்பி அடுக்கு. வாக்காளர் பதிவுப் படிவங்கள். ஆங்கிலம், ஸ்பானிஷ், சீனம், கொரியன், வங்காளம். 2011இல் மத்தியக் கணக்கெடுப்பு அலுவலகம் குவீன்ஸுக்கு ஓர் உத்தரவு போட்டது: இங்கே "ஆசிய இந்தியர்" அதிகம், அவர்கள் மொழியில் வாக்குச்சீட்டு வேண்டும். எந்த மொழி என்று சொல்லவில்லை. யோசித்து, ஆலோசித்து, வங்காளத்தில் அடித்தார்கள். ஆசிய இந்தியர் என்ற பெட்டியில் பஞ்சாபிகளும் குஜராத்திகளும் மலையாளிகளும் இருக்கிறார்கள். வங்காளப் படிவம்தான் சீக்கிரம் தீர்ந்திருக்கிறது.

"பி நூற்றுப் பதினேழு."

ஒரு வயதான தம்பதி. அவர்கள் எண் 131. அவர் இஸ்திரி போட்ட சட்டை, பையில் இரண்டு பேனா. அம்மா பருத்திப் புடவைக்கு மேல் கம்பளிச் சட்டை. காலில் மேஜோடும் செருப்பும். இருவருக்கும் நடுவில் ஒரு நாற்காலி. அதில் கோப்பு உட்கார்ந்திருக்கிறது.

பெரியவர் கடிதத்தை எடுக்கிறார். பிரிப்பதற்கு முன் உறையின் வலது மேல்மூலையைப் பார்க்கிறார். எந்த ஊர் முத்திரை, எந்தத் தேதி. கண்ணாடியை உயர்த்தி இன்னொரு முறை. பிறகுதான் உள்ளே இருப்பதை எடுக்கிறார். எட்டாவது தடவை எடுக்கிறார். தாளின் மடிப்பு கிழியத் தொடங்கியிருக்கிறது.

ஆங்கில எழுத்து அவருக்குத் தெரியும். விரலை வைத்து எழுத்தெழுத்தாய்ப் போனால் சொல் வந்துவிடும். சொல்லுக்குச் சொல் போகும்போது வாக்கியம் நழுவிவிடுகிறது.

தூணில் ஓர் அட்டை ஒட்டியிருக்கிறது. பழுப்பேறிய டேப். கணக்கெடுப்பு அலுவலகம் 2004இல் அச்சிட்டது. 38 மொழிகள், 38 கட்டங்கள். ஒவ்வொரு வரியிலும் அந்தந்த மொழியில் எழுதியிருக்கிறது: இதை வாசிக்கவோ பேசவோ தெரிந்தால் கட்டத்தில் குறியிடுங்கள். காட்டுவதற்கு விரல் போதும். இந்த மாதிரி அட்டைகள் கிடைத்துக்கொண்டிருந்த அரசு இணையதளத்தை 2025 ஜூலையில் நிறுத்தி வைத்தார்கள். அட்டை தூணில் இருக்கிறது.

வரிசை ஆங்கில அகரவரிசை. அரபு முதலில். யித்திஷ் கடைசியில். டச்சுக்கும் ஃபார்சிக்கும் நடுவில் ஆங்கிலமும் இருக்கிறது, ஆங்கிலம் தெரிந்தவர்கள் குறியிட. தன் மொழி எங்கே என்று தேட, அந்த மொழியை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவார்கள் என்று தெரிந்திருக்க வேண்டும். தெரியாதவர்கள் மேலிருந்து கீழே வருகிறார்கள்.

பெரியவர் எழுந்து தூணுக்குப் போகிறார். நான்கு நாற்காலிகள் அசைகின்றன.

விரல் அரபில் தொடங்குகிறது. வங்காளத்தில் ஒரு கணம் நிற்கிறது. கம்போடிய எழுத்தின் சுழிகளைப் பார்த்துக் கண்ணாடியைச் சரிசெய்கிறது. கம்போடிய எழுத்தின் சுழிகளைப் பார்த்துக் கண்ணாடியைச் சரிசெய்கிறது. இல்லை. லாவோ மொழி வரியில் முகத்தைக் கிட்டே கொண்டுபோகிறார். இல்லை.

"இஞ்சருங்கோ," என்கிறார் அம்மா உட்கார்ந்த இடத்திலிருந்தே. "எங்கட எழுத்து இருக்கோ?"

"பொறும். பாக்கிறன்."

ஸ்பானிஷ். தகலாக். தாய். டோங்கன்.

தகலாகுக்கும் தாய்க்கும் நடுவில்தான் அது வர வேண்டும். அங்கே ஒரு மெல்லிய கோடு மட்டும் இருக்கிறது. விரல் கோட்டைத் தாண்டி உருதுவுக்கு, வியட்நாமியத்துக்கு, யித்திஷுக்குப் போகிறது. அட்டை முடிந்துவிட்டது. விரல் தூணின் சுண்ணாம்பில் ஒரு அங்குலம் இறங்கி நிற்கிறது.

திரும்பி வந்து உட்காருகிறார்.

"இல்லையோ?"

"அங்க சிங்களம் பாஸ் பண்ணினாத்தான் சம்பளம் கூட்டுவம் எண்டவங்கள்," என்கிறார் அவர் பொதுவாக, காற்றிடம். "இஞ்ச விரலைக் காட்டு எண்டுறாங்கள்."

"நீங்கள் பாஸ் பண்ணினனீங்கள்தானே."

"ரெண்டாம் தரம்."

அம்மா கைப்பையிலிருந்து ஒரு சிறு பொட்டலம் எடுக்கிறார். பருத்தித்துறை வடை. ஒன்றைப் பாதியாய் உடைக்கிறார். அறையில் எதையும் உண்ணக் கூடாது என்று பத்து மொழிகளில் எழுதியிருக்கிறது.

பதினொன்றே முக்கால். "பி நூற்று முப்பத்தொன்று."

நான்காம் கவுண்ட்டர். ஊழியர் நடுவயதுப் பெண். நகங்களில் ஊதாப்பூச்சு. மானிட்டரின் ஓரத்தில் ஒரு குழந்தையின் படம். அவர் கடிதத்தை வாங்கி ஒரு பார்வையில் முடித்துவிடுகிறார். நான்கு நாளாய் எட்டு முறை விரிந்த தாள் ஆறு விநாடியில் தீர்கிறது.

"லாங்குவேஜ்?"

"தமிழ்," என்கிறார் பெரியவர். அழுத்தமாக, ழகரத்தோடு.

ஊழியர் திரையில் தேடுகிறார். திரையின் பட்டியல் தூணின் அட்டையைவிடப் பெரியது. கீழே, கீழே, இன்னும் கீழே. சொடுக்குகிறார்.

தொலைபேசியில் சங்கீதம். பியானோ. அதே நான்கு அடிகள் சுற்றிச் சுற்றி வருகின்றன.

அமெரிக்காவில் இந்தத் தொலைபேசி மொழிபெயர்ப்புத் தொழிலுக்கு நாற்பது வயது தாண்டிவிட்டது. 1980களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவின் சான் ஹோசே நகரில், வியட்நாம் அகதிகளோடு பேச வழியில்லாத ஒரு போலீஸ்காரர் ஆரம்பித்து வைத்தது. இன்று மருத்துவமனை, நீதிமன்றம், காவல் நிலையம், இந்த மாதிரி அலுவலகம் எல்லாவற்றிலும் மேசைமேல் ஒரு தொலைபேசி, மறுமுனையில் முகமில்லாத ஒருவர், பெயருக்குப் பதில் ஓர் எண். ஸ்பானிஷ் என்றால் சில நொடியில் வருவார். தமிழுக்குப் பியானோ ஏழு சுற்று வாசிக்கிறது.

"வணக்கம் சார்." பெண்குரல். இளமையானது. தஞ்சாவூர்ப் பக்கமாகவோ சென்னையாகவோ இருக்கும். "நான் உங்க இன்டர்ப்ரிட்டர். நீங்க சொல்றத அப்படியே அவங்ககிட்ட சொல்லுவேன். கொஞ்சம் ஷார்ட்டா, பாஸ் குடுத்துப் பேசுங்க சார்."

அம்மா நாற்காலியை முன்னால் இழுக்கிறார். "எங்கட ஆள்தான்," என்கிறார் கணவர் காதில்.

"சார், இது ரீசர்ட்டிஃபிகேஷன் இன்டர்வியூ. உங்க ஸ்நாப் பெனிஃபிட் கன்டினியூ ஆகணும்னா டாக்குமெண்ட்ஸ் சப்மிட் பண்ணி எலிஜிபிலிட்டி வெரிஃபை பண்ணணும்."

பெரியவர் தொலைபேசியைப் பார்க்கிறார். ஊழியரைப் பார்க்கிறார். தொலைபேசியை மீண்டும் பார்க்கிறார்.

"பிள்ளை," என்கிறார். "தமிழில சொல்லும்."

அமைதி. மறுமுனையில் ஒரு மின்விசிறி ஓடுவது கேட்கிறது. பிறகு, தெளிவாக, ஒரு குக்கர் விசில்.

ஊழியரின் புருவம் உயர்கிறது. அம்மாவின் முகத்தில் ஒரு சிரிப்பு வந்து போகிறது. விரலை மடக்கி ஒன்று எண்ணுகிறார்.

"சாரி சார்," என்கிறது குரல். "அதாவது... உங்களுக்குச் சாப்பாட்டுக்கு மாசாமாசம் பணம் வருதில்ல, அது தொடர்ந்து வரணும்னா திரும்ப ஒருதடவ... திரும்ப..."

"புதுப்பிக்கிறது."

"ஆ, ஆமா சார். புதுப்பிக்கிறது." விசைப்பலகையில் தட்டும் ஓசை. எங்கேயோ ஒரு குறிப்பில் ஒரு சொல் ஏறுகிறது.

என்ன பேசிக்கொள்கிறீர்கள் என்று ஊழியர் கேட்கிறார். கேள்வியும் இல்லை, பதிலும் இல்லை, ஒரு நிமிஷம் போய்விட்டது. ஒரு வார்த்தை தேடினோம் என்கிறது குரல் ஆங்கிலத்தில். கிடைத்ததா? கிடைத்தது.

"சார், உங்க ஹவுஸ்ஹோல்ட்ல... உங்க வீட்ல எத்தனை பேர் சார்?"

"வீட்டிலயோ? ஆறு பேர்."

ஆறு என்கிறது குரல் ஆங்கிலத்தில். ஊழியர் ஆறு என்று தட்டுகிறார். திரையில் ஆறு வெற்றுக் கட்டங்கள் விரிகின்றன. ஆறு பேரின் பெயர், பிறந்த தேதி, சம்பளம் வேண்டும். எங்கே அந்த நால்வரின் சம்பளச் சீட்டு?

பெரியவர் கோப்பைப் புரட்டுகிறார். பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரின் ரப்பர் முத்திரையோடு. விவாகப் பதிவு. வாடகைத் துண்டு. சம்பளச் சீட்டு இல்லை. நால்வரின் சீட்டு எப்படி இருக்கும்? அவர்கள் யார்?

"இஞ்சருங்கோ." அம்மா கையைப் பிடிக்கிறார். "மேல இருக்கிற ஆக்களை ஏன் சொல்றியள்?"

"வீட்டில எத்தனை பேர் எண்டுதானே கேட்டவ."

"அவை வீட்டுச் சொந்தக்காரர். நாங்கள் கீழ வாடகைக்கு இருக்கிறம். நான் ரெண்டு பேருக்குத்தானே உலை வைக்கிறன்."

தொலைபேசியில் அமைதி. பிறகு குரல் ஊழியரிடம் ஆங்கிலத்தில் அனுமதி கேட்கிறது: ஒரு சொல்லை விளக்கிக் கேட்கலாமா?

கேளுங்கள்.

"அம்மா, ஒண்ணா சாமான் வாங்கி, ஒண்ணா சமைச்சுச் சாப்பிடறவங்க எத்தனை பேர்?"

"ரெண்டு. இவரும் நானும்."

அமெரிக்காவின் உணவு உதவிச் சட்டத்தில் குடும்பம் என்பதற்கு விளக்கம் ஏறக்குறைய இதுதான்: சேர்ந்து உணவு வாங்கி, சேர்ந்து சமைக்கிறவர்கள். பக்கம் பக்கமாய் விதிகள். அம்மா அதை ஓர் உலைக்குள் வைத்துவிட்டார்.

ஊழியர் பின்னழிக்கும் விசையை அழுத்துகிறார். ஒவ்வொன்றாய் நான்கு கட்டங்கள் மறைகின்றன. ஆறு போய் இரண்டு வருகிறது. அவர் முதல்முறையாக அம்மாவை நேராகப் பார்க்கிறார்.

இரண்டாவது விசில். அம்மா இரண்டாம் விரலை மடக்குகிறார்.

"சார், வேல எதாவது செய்யறீங்களா?"

"முப்பது வருசம் தபாற்கந்தோர்."

"இப்போ சார்?"

"இப்ப இல்லை."

முப்பது வருசம் ஆங்கிலத்துக்குப் போகவில்லை. இல்லை மட்டும் போகிறது.

வாடகை எவ்வளவு, மருந்துச் செலவு எவ்வளவு, வங்கியில் எவ்வளவு. கேள்விகள் வேகம் பிடிக்கின்றன. குரலும் பெரியவரும் இப்போது ஒரு தாளத்துக்கு வந்துவிட்டார்கள். அவள் "ரெண்ட்" என்று தொடங்கி "வாடகை" என்று திருத்திக்கொள்கிறாள். அவர் "கதைச்சு முடிஞ்சுதோ" என்பதை "பேசி முடிஞ்சுதா" என்று மாற்றிச் சொல்கிறார். இருவரும் பாதிக் கடல் நீந்தி நடுவில் சந்திக்கிறார்கள்.

"தேங்க் யூ, இன்டர்ப்ரிட்டர்," என்கிறார் ஊழியர்.

"நன்றி பிள்ளை. எந்த ஊர் நீர்?" என்கிறார் பெரியவர்.

சொந்த விஷயம் பேச அவளுக்கு அனுமதி இல்லை. ஒரு நொடி மின்விசிறி மட்டும் ஓடுகிறது.

"பிள்ளை, மூண்டு விசில் வந்திட்டுது," என்கிறார் அம்மா. "அடுப்பை நிப்பாட்டும்."

தொடர்பு அறுகிறது. சிரித்தாளா என்று தெரியவில்லை.

ஊழியர் படிவத்தை இவர்கள் பக்கம் திருப்புகிறார். பேனா நுனியால் மூன்று இடங்களைக் காட்டுகிறார். இங்கே, இங்கே, இங்கே. பெரியவர் சட்டைப்பையிலிருந்து தன் பேனாவையே எடுக்கிறார். ஆங்கிலத்தில் கையெழுத்து. முப்பது வருஷம் ரசீதுகளில் போட்டுப் பழகிய கை, ஒரே இழுப்பு.

அம்மா மெதுவாகப் போடுகிறார். தமிழில். ஐந்து எழுத்து. கடைசி எழுத்தின் மேல் புள்ளி வைத்துவிட்டுப் பேனாவை மூடுகிறார். ஊழியர் அதைச் சற்று நேரம் பார்க்கிறார். கட்டத்துக்குள் இருக்கிறது. போதும்.

இன்னும் ஓர் இடம். ஊழியரின் ஊதா நகம் இரண்டு சிறு கட்டங்களின் மேல் வந்து நிற்கிறது. உங்களுக்கு அறிவிப்புகள் எந்த மொழியில் வேண்டும்?

ஒன்று: ஸ்பானிஷும் ஆங்கிலமும்.

மற்றொன்று: ஆங்கிலம் மட்டும்.

பெரியவர் குனிகிறார். விரலை வைத்து வாசிக்கிறார். எழுத்தெழுத்தாய் முதல் கட்டம். எழுத்தெழுத்தாய் இரண்டாம் கட்டம். தொலைபேசியைப் பார்க்கிறார். அது தாங்கியில் கிடக்கிறது. ஊழியர் அடுத்த எண்ணுக்கான பொத்தானின் மேல் கை வைத்திருக்கிறார். இன்னும் அழுத்தவில்லை.

இரண்டாம் கட்டத்தில் ஒரு சரிக்குறி.

"பி நூற்று முப்பத்தைந்து."

எழுந்து வருகிறார்கள். கோப்பு கட்டப்படுகிறது. வடைப் பொட்டலம் கைப்பைக்குள் போகிறது. வாசலில் காவலாளி கதவைத் திறந்து பிடிக்கிறார். இவர்களுக்கு என்ன சொல்வது என்று யோசிக்கிறார். தலையை மட்டும் அசைக்கிறார். பெரியவரும் அசைக்கிறார்.

வெளியே வெயில். தூணுக்கும் தூணுக்கும் நடுவில் கட்டம் கட்டமாய் விழுந்திருக்கிறது. மோமோ வண்டியில் நீராவி.

"என்னவாம்?" என்கிறார் அம்மா.

"கடிதம் வருமாம்."

"எதிலயாம்?"

பெரியவர் கண்ணாடியைக் கழற்றுகிறார். மடிக்கிறார். சட்டைப்பையில் இரண்டு பேனாவுக்கும் நடுவில் வைக்கிறார்.

"தபாலில."

மேலே ரயில் வருகிறது.